எங்கிருந்து அளப்பது?

சென்ற ஆண்டின் இறுதியில் எங்கள் ஊரில் ஒரு கவிதைத் தொகுப்பின் வெளியீட்டு விழா நடந்தது. வாழ்த்துரை வழங்கிய பெரியவர், நூலைப் பற்றி இரண்டு நிமிடமும் அந்தக் காலத்துத் தச்சர்களையும் ஸ்தபதிகளையும் பற்றி இருபது நிமிடமும் பேசினார். அவர்கள் அளவுகோலைத் தொட்டதில்லை என்றார். கண்ணே அவர்களுக்குக் கோல் என்றார். அளவு முடிகிற இடத்தில்தான் கலை தொடங்குகிறது என்று அவர் முடித்தபோது அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். (ஸ்தபதிகளுக்குத் தாலமானம் என்று ஓர் அளவு முறையே உண்டு என்பதும், முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு உடலின் ஒவ்வோர் உறுப்பையும் வரையறுக்கும் முறை அது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் தட்டினேன். கூட்டத்தின் கை நம் கையைத் தூக்கிவிடுகிறது.)

பக்கத்து நாற்காலியில் இருந்த என் சித்தப்பா மகன் தட்டவில்லை. அவன் பெங்களூரில் விமான உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறான். விடுமுறையில் வந்தவனை நான்தான் வற்புறுத்தி அழைத்துச் சென்றிருந்தேன். வெளியே வந்து தேநீர்க் கடையில் நின்றபோது கேட்டான்.

"கண்ணால அளக்கிறது தப்புன்னு நான் சொல்லலண்ணே. ஆனா அந்தக் கண்ணு தப்புப் பண்ணிட்டா, அதை யாரு கண்டுபிடிக்கிறது?"

அப்போது நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை, அதிலிருந்தே அது எவ்வளவு பெறுமானமுள்ள பதில் என்று தெரியும். பிறகு அவன் அனுப்பிவைத்தவற்றையும் நானாகத் தேடிக்கொண்டவற்றையும் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். தமிழ் வாத்தியாருக்கு விமானத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

நம் இலக்கியச் சூழலில் 'அளவு' ஏறக்குறைய ஒரு வசைச்சொல். 'அளந்து வைத்து எழுதியிருக்கிறார்' என்றால் உயிரில்லை என்று பொருள். பொய் சொல்பவனைக்கூட 'கதை அளக்கிறான்' என்றுதான் சொல்கிறோம். அளவுக்கு எதிரே நாம் நிறுத்திவைத்திருப்பது கண், கை, அனுபவம், உள்ளுணர்வு. இந்த நான்கும் ஒரே இரவில் தோற்ற ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன்.

1990 ஜூன் 10. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 17,300 அடி உயரத்தை எட்டியபோது விமானியின் எதிரே இருந்த முகப்புக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு வெளியே பறந்தது. விமானியும் இடுப்பு வரை வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். எல்லோருமே உயிர் பிழைத்தார்கள், அந்த விமானி உட்பட. கண்ணாடி மாற்றப்பட்டபின் அதுவே முதல் பயணம். கண்ணாடியைப் பொருத்திய 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகளின் விட்டம் இருக்க வேண்டியதைவிட 0.026 அங்குலம் குறைவு என்று விசாரணையில் தெரியவந்தது. மில்லிமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 0.66. மீதி ஆறு போல்ட்டுகள் விட்டத்தில் சரி, நீளத்தில் குறைவு.

மாற்றியவர் கற்றுக்குட்டி அல்லர், நீண்ட அனுபவம் உள்ள மேற்பார்வையாளர். கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மங்கலான வெளிச்சத்தில், கண்ணாலும் விரலாலும் ஒப்பிட்டு, இதுதான் அது என்று முடிவுசெய்து எடுத்தார். பாகங்களின் பட்டியலைப் புரட்டவில்லை. சரியான எண் எது என்று பண்டகசாலையில் இருந்தவர் சொன்னதையும் அவர் ஏற்கவில்லை, ஏனெனில் கழற்றிய போல்ட்டு வேறு எண்ணாக இருந்தது. (வேடிக்கை என்னவென்றால், கழற்றிய பழைய போல்ட்டுகளே நீளம் குறைந்த தவறான போல்ட்டுகள்தாம்.) முடித்தபின் அவரே சரிபார்த்து அவரே கையொப்பமிட்டார். விதிமுறைப்படி அந்த வேலைக்கு இரண்டாவது ஆளின் சரிபார்ப்பு தேவைப்பட்டிருக்கவும் இல்லை. என் தம்பி கேட்ட கேள்விக்கு அன்று பர்மிங்காமில் பதில் சொல்ல யாரும் இல்லை.

இது பராமரிப்பில் நேர்ந்தது. ஒரு விமானத்தைப் புதிதாகக் கோக்கும்போது இந்தக் கேள்வி எவ்வளவு பெரிதாகிறது என்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இறக்கை ஓரிடத்தில் செய்யப்படுகிறது, வால் வேறோரிடத்தில், மூக்கு மூன்றாவது ஊரில். அவை முதன்முதலாகச் சந்திக்கும் இடத்தில் ஆயிரக்கணக்கான துளைகள் ஒன்றுக்கு நேர் ஒன்றாக நிற்க வேண்டும்.

பழைய காலத்தில் இதைக் கப்பல் கட்டுவோரிடமிருந்து கற்றார்கள். பெரிய கூடத்தின் தரையில் விமானத்தின் வளைவுகளை முழு அளவில் வரைவார்கள். வளையக்கூடிய மெல்லிய மரச்சட்டத்தைப் புள்ளிகளின் வழியே வளைத்து, அது நகராமல் ஈயக் கட்டிகளை வைத்து, அதன் ஓரமாகக் கோடு இழுப்பார்கள். அந்த ஈயக் கட்டிகளுக்கு வாத்து என்று பெயர், வடிவம் அப்படி இருந்ததால். 1940களில் அமெரிக்காவின் மஸ்டாங் போர்விமானத்தில் வளைவுகளைக் கணிதச் சமன்பாடுகளாகவே எழுதத் தொடங்கினார்கள். தரையில் கிடந்த கோடு எண்ணாக மாறியது.

ஆனாலும் உலோகம் எண்ணைப் படிக்காது. ஆகவே 'ஜிக்' என்னும் கனத்த எஃகுச் சட்டகங்களைச் செய்தார்கள். பாகத்தை அதில் பிடித்துவைத்துத் துளையிட்டால் துளை விழ வேண்டிய இடத்தில் விழும். மன்னன் எவ்வழி மக்கள் அவ்வழி என்பது போல, ஜிக் எவ்வழியோ விமானமும் அவ்வழி. ஜிக் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதில் பிறக்கும் எல்லா விமானங்களும் ஒரே பக்கம் சாயும், எல்லாம் ஒன்றுபோலவே சாய்வதால் யாருக்கும் தெரியாது. எனவே ஜிக்கை அளக்க வேண்டும். அதற்குத் தொலைநோக்கி பொருத்திய அளவைக் கருவிகள் வந்தன, பிறகு லேசர் வந்தது.

இன்று பயன்படும் லேசர் டிராக்கர், 1980களில் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் எந்திரக் கைகளின் அசைவைச் சோதிப்பதற்காக உருவாக்கப்பட்ட கருவி. முக்காலியில் நிற்கும் ஒரு தலை. அதிலிருந்து புறப்படும் கதிர், ஒருவர் கையில் பிடித்திருக்கும் எலுமிச்சை அளவுள்ள உலோகப் பந்தின் உள்ளே பதித்த கண்ணாடிகளில் பட்டு வந்த வழியே திரும்புகிறது. பந்தை நகர்த்தினால் தலை திரும்பித் திரும்பி அதைப் பின்தொடரும். பந்தை இறக்கையின் மேல் ஓரிடத்தில் வைத்தால் இரண்டு கோணங்களும் ஒரு தூரமும் கிடைக்கின்றன, அந்தப் புள்ளி வெளியில் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. பல மீட்டர் தொலைவில் நின்று ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகள் வரை சொல்லும்.

கேட்கும்போது மந்திரம் போலத்தான் இருக்கிறது. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. டிராக்கரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அது முதலில் அளப்பது விமானத்தை அல்ல. தரையிலும் சட்டகத்திலும் ஏற்கெனவே பதித்துவைத்த, இடம் அறிந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு அளக்கிறார்கள். 'நான் எங்கே நின்றுகொண்டிருக்கிறேன்' என்பதை அது முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகுதான் எதிரில் உள்ளதைப் பற்றிப் பேச அதற்கு உரிமை. நம் விமர்சகர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு என்று யோசித்தேன், என்னையும் சேர்த்துத்தான்.

அடுத்து வெப்பம். நீள அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸில் உள்ளபடி சொல்லப்பட வேண்டும் என்பது 1931இல் ஏற்பட்ட உலக ஒப்பந்தம். பத்து மீட்டர் நீளமுள்ள அலுமினியம் ஒரு டிகிரி சூடேறினால் 0.23 மில்லிமீட்டர் நீளும். முப்பது மீட்டர் உடற்பகுதி ஐந்து டிகிரி சூடேறினால் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர். நம் கொத்தனார் கணக்கில் சொன்னால் ஒரு 'நூல்' கூடிவிடும். (அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல். இந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.) காலையில் அளந்த விமானமும் பிற்பகலில் அளந்த விமானமும் ஒன்றல்ல. எஃகு அலுமினியத்தில் பாதி அளவே விரியும், கார்பன் இழைப் பாகமோ இழையின் திசையில் ஏறத்தாழ விரிவதே இல்லை. எஃகுச் சட்டகத்தில் அலுமினியத்தையும் கார்பனையும் ஒன்றாகப் பிடித்துவைத்திருக்கும்போது மூன்றும் மூன்று விதமாக மூச்சு விடுகின்றன. 'நீளம் எவ்வளவு' என்ற கேள்விக்கு 'எந்த வெப்பத்தில்' என்று கேட்காமல் பதில் சொல்பவன் கதைதான் அளக்கிறான்.

முற்றிலும் கணினியில் வடிவமைக்கப்பட்ட போயிங் 777 முதன்முதலாகக் கோக்கப்பட்டபோது, நேர்க்கோட்டிலிருந்து அதன் விலகல் 0.023 அங்குலம் மட்டுமே என்று அந்நிறுவனம் பெருமையோடு அறிவித்தது. அதற்கு முன்பெல்லாம் அரை அங்குலம் வரை போகும் என்றார்கள். அதே நிறுவனம்தான் அடுத்து 787ஐச் செய்தது. அங்கேதான் கதை சிக்கலாகிறது.

787இன் உடல் கார்பன் இழையாலான பெரிய உருளைகள். ஜப்பானிலும் இத்தாலியிலும் அமெரிக்காவின் வெவ்வேறு ஊர்களிலும் செய்யப்பட்டு ஓரிடத்துக்கு வந்து சேர்பவை. 2007இல் முதல் விமானத்தைக் கோக்கும்போது மூக்குப் பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே 0.3 அங்குல இடைவெளி தெரிந்தது. இரண்டரை நூலுக்குச் சற்றுக் குறைவு. அதைச் சரிசெய்தார்கள். கண்ணுக்குத் தெரியும் இடைவெளி பெரிய ஆபத்தில்லை, யாராவது பார்த்துவிடுவார்கள். பிரச்சினை கண்ணுக்குத் தெரியாத இடைவெளிதான். அலுமினியத் தகடு சற்று விலகி நின்றால் போல்ட்டை முறுக்கும்போது வளைந்து கொடுத்து ஒட்டிக்கொள்ளும். கார்பன் இழை அப்படி வளைந்து கொடுக்காது. வலிந்து இழுத்துப் பூட்டினால் அந்த வலி உள்ளேயே தங்கிவிடும், ஒவ்வொரு முறை விமானம் ஏறி இறங்கும்போதும் அதன்மேல் புதுச் சுமை ஏறும். ஆகவே இரண்டு பகுதிகளுக்கும் இடையே 0.005 அங்குலத்துக்கு மேல் சந்து இருந்தால், அந்தச் சந்தின் பருமனுக்குச் சரியான 'ஷிம்' என்னும் மெல்லிய துண்டைச் செய்து நிரப்ப வேண்டும் என்பது விதி. 0.005 அங்குலம் என்பது ஒரு தாளின் பருமனைவிடச் சற்றே கூடுதல். ஒரு நூலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

2020 ஆகஸ்டில் எட்டு 787 விமானங்கள் பறப்பதிலிருந்து நிறுத்தப்பட்டன. பின்பகுதியின் இணைப்பு ஒன்றில் ஷிம்மின் பருமன் சரியில்லை. அதே இடத்தில் உட்பரப்பின் சமமும் வரையறைக்குள் இல்லை. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே தாங்கக்கூடியவை, சேர்ந்து வந்தபோது தாங்க முடியாதவை. தேடத் தேட மேலும் இடைவெளிகள் தெரியவர, 2020 இறுதியிலிருந்து 2022 ஆகஸ்டு வரை, இடையில் சில வாரங்கள் நீங்கலாக, புதிய 787 எதுவும் வாங்கியவர் கைக்குப் போகவில்லை. ஒரு தாள் பருமனுக்காகத் தொழிற்சாலை வாசலில் விமானங்கள் வரிசையில் நின்றன.

2024 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரே அமெரிக்கச் செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார். இடைவெளிகள் சரியாக அளக்கப்படுவதில்லை, வலிந்து இழுத்து மூடப்படுகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. தாங்கள் செய்த சோதனைகளில் உலோகச் சோர்வு போன்ற ஆபத்து எதுவும் தென்படவில்லை என்றது. இதில் யார் பக்கம் உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளல்லன். எனக்கு முக்கியமாகப் படுவது, இந்த வழக்கு எதைப் பற்றியது என்பதுதான். ஒரு பக்கம் பல லட்சம் கோடி மதிப்புள்ள நிறுவனம், மறுபக்கம் ஒரு தனி ஊழியர். இருவருக்கும் நடுவே 0.005 என்று ஓர் எண். அந்த எண் இல்லாவிட்டால் அவர் என்ன சொல்லியிருக்க முடியும்? 'எனக்கு ஏனோ சரியாகப் படவில்லை' என்றா? 'எங்களுக்குச் சரியாகப் படுகிறது, நாங்கள் உங்களைவிட அனுபவசாலிகள்' என்று ஒரே வரியில் வாயை அடைத்திருப்பார்கள்.

கண்மதிப்பைப் போற்றுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கண்மதிப்புக்கு வயதும் பதவியும் சாதியும் உண்டு. யாருடைய கண் என்பதைப் பொறுத்து அதன் விலை மாறும். மூத்த ஆசாரியின் கண்ணுக்கு எதிராகச் சின்னப் பையன் பேச முடியாது. அவன் கையில் மூலைமட்டத்தைக் கொடுத்துவிட்டால் பேசலாம். அளவு என்பது அதிகாரத்தின் கருவி என்று சில கோட்பாட்டுக் கட்டுரைகளில் படித்திருக்கிறேன், நில அளவையையும் மக்கள் தொகைக் கணக்கையும் வைத்து அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் பட்டறைத் தளத்தில் அது பல நேரம் கீழே நிற்பவனின் ஒரே சாட்சி.

இவ்வளவு சொல்லிவிட்டுக் கருவியைத் தெய்வமாக்கிவிட நான் விரும்பவில்லை. கருவி இருந்தும் தோற்ற கதை ஒன்று உண்டு, நான் படித்தவற்றில் என்னை அதிகம் உலுக்கியது அதுதான்.

2010 நவம்பர் 4. சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ380 விமானம். புறப்பட்ட சில நிமிடங்களில், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே, நான்கு எஞ்சின்களில் ஒன்று வெடித்தது. சுழலித் தட்டு உடைந்து இறக்கையைத் துளைத்துக்கொண்டு வெளியேறியது. 469 பேர் உள்ளே. விமானிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குவிந்த எச்சரிக்கைகளோடு போராடி சிங்கப்பூருக்கே திரும்பி இறங்கினார்கள், ஒருவருக்கும் காயமில்லை. இறங்கிய பிறகும் இன்னொரு எஞ்சினை நிறுத்த முடியாமல் தீயணைப்புப் படையினர் மணிக்கணக்கில் நுரையடித்துத்தான் அதை அடக்கினார்கள்.

காரணம் ஒரு சிறிய எண்ணெய்க் குழாய். அதன் வாயில் ஒரு வடிகட்டி உட்கார்வதற்காகக் குழாயின் உட்புறத்தைச் சற்று அகலமாகக் கடைந்திருந்தார்கள். கடைந்த வட்டத்தின் மையமும் குழாயின் மையமும் ஒன்றாக இல்லை. ஆகவே குழாயின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போனது. 0.91 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய சுவர், மெலிந்த இடத்தில் சுமார் 0.35 மில்லிமீட்டர். அங்கே விரிசல் விட்டது, எண்ணெய் கசிந்தது, தீப்பிடித்தது, தட்டு வெடித்தது.

இந்தக் குழாயை யாரும் அளக்காமல் விடவில்லை. பிரிட்டனில் ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனத்தின் தொழிற்கூடத்தில் சி.எம்.எம். என்னும் அளவை எந்திரம் அதை அளந்தது. எந்திரத்திலும் பழுதில்லை. பிழை இருந்தது எங்கிருந்து அளப்பது என்பதில். வடிவமைப்பாளரின் வரைபடம் ஒரு 'டேட்டம்' குறித்திருந்தது, அதாவது எல்லா அளவுகளும் புறப்பட வேண்டிய ஆதாரம். ஆனால் பாகங்களைப் பூட்டிய பிறகு அந்த ஆதாரத்தைக் கருவியால் எட்ட முடியவில்லை. ஆகவே உற்பத்திக்கான வரைபடத்தில் வேறோர் ஆதாரத்தை வைத்துக்கொண்டார்கள். அந்தப் புதிய ஆதாரத்திலிருந்து பார்த்தால் கடைந்த துளை சரியான இடத்தில்தான் இருக்கிறது. குழாய்தான் இடம் நகர்ந்திருக்கிறது, ஆனால் குழாயைப் பற்றி அந்த ஆதாரம் எதுவும் கேட்கவில்லை. எந்திரம் தன்னிடம் கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலையே சொன்னது.

2013இல் வெளிவந்த ஆஸ்திரேலிய விசாரணை அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. சிறியவை என்று தாங்களே கருதிய விலகல்களைப் பதிவு செய்யாமல் விட்டுவிடலாம் என்ற பழக்கம் அந்தக் கூடத்தில் நிலவியிருந்தது. யாரும் பொய்க் கணக்கு எழுதத் திட்டமிட்டதாக இதற்குப் பொருள் இல்லை. 'இது ஒன்றும் செய்யாது' என்று ஒருவர் மனத்துக்குள் முடிவு செய்கிறார். அளவு அவருக்குத் தெரியும், அவரோடு நின்றுவிடுகிறது. கண்மதிப்பு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

விமானத்தை விட்டுச் சற்றே மேலே போனால் ஹப்பிள் தொலைநோக்கி. 1990இல் விண்ணில் ஏற்றிய பிறகுதான் அதன் பெரிய ஆடியின் விளிம்பு 2.2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையானது தெரிந்தது. ஆடியைச் சோதித்த கருவியிலேயே ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. துல்லியம் குறைந்த வேறு இரண்டு கருவிகள் பிழை இருப்பதாகக் காட்டியிருக்கின்றன. அவை எளிய கருவிகள் என்பதாலேயே அவற்றின் சொல் அம்பலம் ஏறவில்லை.

பெரியவர் இதையெல்லாம் கேட்டால், 'பார்த்தீர்களா, கருவியும் தவறுகிறது' என்பார். தவறுகிறதுதான். ஆனால் கருவியின் தவறை இருபது ஆண்டு கழித்தும் தடம் பிடித்துப் போய், இந்த வரைபடத்தில், இந்த ஆதாரத்தை மாற்றிய இடத்தில் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. பர்மிங்காம் இரவில்கூட 0.026 என்று சொல்ல முடிந்தது போல்ட்டுகளை அளந்ததால்தான்.

இப்போது 'நூல்' என்ற சொல்லுக்கு வருகிறேன். கொத்தனார் கட்டும் கயிறும் நூல், தச்சரின் அளவும் நூல், நாம் வெளியிட்டுக் கைதட்டும் புத்தகமும் நூல். இது தற்செயல் என்று விட்டுவிட முடியாது. புத்தகத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று விளக்க வந்த பவணந்தி முனிவர், மரத்தின் கோணலைக் காட்டித் தீர்க்கும் தச்சனின் நூலைத்தான் உவமையாக எடுத்தார். கண் கோணலைப் பார்க்காது என்பதால்தானே தச்சன் நூலைப் பிடிக்கிறான்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுத்தின் ஒலிக்கும் கால அளவாகிய மாத்திரைக்கு இமைப்பையும் நொடியையும் அலகாக வைத்தது தொல்காப்பியம். நன்னூல் அதையே வழிமொழியும்போது, இயல்பான மாந்தரின் இமைப்பு என்று ஓர் அடை சேர்க்கிறது. யாருடைய இமை என்று யாரோ ஒரு மாணவன் இடையில் கேட்டிருக்க வேண்டும் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வேன். இப்போது அது எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. ஆதாரம் எது என்று வரையறுக்கும் வேலை அது. தொழிற்கூடத்து மொழியில் டேட்டம்.

என் சொந்தப் பட்டறைக்கும் வந்தாக வேண்டும். விடைத்தாள் திருத்தும் முகாம்களுக்கு இருபது ஆண்டுகளாகப் போகிறேன். ஒரு கட்டுத் தாளைப் புரட்டினாலே மதிப்பெண் விரல் நுனிக்கு வந்துவிடும் என்று இளைய ஆசிரியர்களிடம் பெருமையடித்திருக்கிறேன். விடைக்குறிப்பை முதல் நாள் காலையில் ஒருமுறை பார்ப்பேன், பிறகு அது மேசைக்கு அடியில் போய்விடும். அதன்பின் என் ஆதாரம் எது? சற்று முன் திருத்திய தாள். நல்ல தாளுக்கு அடுத்து வந்தவன் நட்டப்பட்டான், மோசமான தாளுக்கு அடுத்து வந்தவன் பிழைத்தான். பிற்பகல் மூன்று மணிக்கு என் கோல் எத்தனை டிகிரி சூட்டில் இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மறுமதிப்பீட்டுக்குப் போன ஒரு தாள், நான் போட்டதைவிடப் பதினொரு மதிப்பெண் கூடுதலாகத் திரும்பி வந்தது. அந்தப் பெண் அதற்குள் ஓர் ஆண்டை இழந்திருந்தாள். 'இலக்கியத்தில் இதெல்லாம் சகஜம் சார், கண்ணோட்டம்தானே' என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். நானும் ஆறுதலடைந்தேன்.

தம்பியிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவன் நீதி எதுவும் சொல்லவில்லை. அவர்கள் கூடத்தில் ஒரே பாகத்தை ஒரே ஆய்வாளர் பார்க்காத வண்ணம் திரும்பத் திரும்ப அளக்கச் சொல்வார்களாம், பிறகு வேறோர் ஆய்வாளரிடம் கொடுப்பார்களாம். "பாகத்த சோதிக்க இல்லண்ணே, எங்கள சோதிக்க" என்றான்.

இந்த ஏப்ரல் முகாமில் அதைச் செய்து பார்த்தேன். முதல் பத்துத் தாள்களுக்கும் மதிப்பெண்ணைத் தாளில் இடாமல் தனிக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டு, உணவு இடைவேளைக்குப் பின் அந்தக் காகிதத்தைப் பார்க்காமல் மறுபடியும் திருத்தினேன். நான்கு தாள்களில் ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபாடு. ஒன்றில் ஒன்பது. விடைக்குறிப்பை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டு அந்த நான்கையும் மூன்றாம் முறை படித்தேன். தலைமைத் தேர்வாளர் இரண்டு முறை வந்து, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று விசாரித்தார். அன்று மாலை கட்டை ஒப்படைத்த கடைசி ஆள் நான்தான். அதிலும் ஆறு தாள்கள் பாக்கி.